ஏரிப் புறம்போக்கில் எடுத்த பன்னிரண்டு படங்கள்

எழுபதுகளின் கடைசியில் மானாம்பதிப் பக்கம் வாத்தியாராக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் காமிராவையும் மூன்றுகால் ஸ்டாண்டையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஏரிக்குப் பின்னாலிருந்த முள்காட்டுக்குப் போவேன். மரத்தை மரமாகவே எடுப்பதில் எனக்கு ஆசையில்லை. அங்கே தனியாக நிற்கும்போது நெஞ்சுக்குள் ஒரு கலக்கம் வரும். அது படத்தில் விழவேண்டும். அதற்காக ஷட்டரைத் திறந்துவைத்து, காமிராவை மெல்ல ஒரு பக்கமாகத் திருப்புவேன்.

ஒருநாள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"இன்னா வாத்தியாரே, அளந்துகினு கீறீங்க?"

கூலி வேலைக்குப் போகிற பெண். அவள் மகள் என் வகுப்பில் படித்தாள். அவளும் இன்னும் நாலு குடும்பங்களும் ஏரிப் புறம்போக்கில் கேழ்வரகுக் கொல்லை போட்டிருந்தார்கள். பட்டா கிடையாது.

"அளக்கலம்மா, போட்டோ எடுக்கறேன்."

"ஆளே இல்லாத காட்ல இன்னா போட்டோ? யாரு அனுப்பிச்சாங்க? தாலுக்கா ஆபீஸா?"

அவள் புருஷனும் வந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டான். படம் கழுவி வந்ததும் காட்டுகிறேன் என்ற பிறகுதான் விட்டான்.

பத்து நாளில் காஞ்சிபுரத்திலிருந்து படங்கள் வந்தன. கறுப்பும் சாம்பலுமாக இழுபட்ட கோடுகள். நான் நினைத்தது அப்படியே விழுந்திருந்தது. பெருமையோடு அவளிடம் நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எங்க கொல்லி எங்க?"

"இதுல இல்லம்மா."

"மரம்?"

"அதுவும் தெரியாது."

"நல்ல படத்த ஒளிச்சி வெச்சிக்கினு, கெட்டுப்போனத காட்றீங்க."

மறுநாள் அவள் மகள் பள்ளிக்கூடம் வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை.

சனிக்கிழமை நெகட்டிவ்களை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்து, படத்தோடு ஒத்துப்பார்த்தாள். பன்னிரண்டும் சரியாக இருந்தன.

"இது எங்ககிட்டயே இருக்கட்டும்" என்றாள்.

கொடுக்க மனசு வரவில்லை. ஆனாலும் கொடுத்தேன். அவள் அதைத் துணியில் சுற்றி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தாள்.

திங்கட்கிழமை அவள் மகள் வகுப்புக்கு வந்தாள். நான் அதற்குப் பிறகும் காட்டுக்குப் போனேன். ஆனால் ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் கேழ்வரகுக் கொல்லை ஓரமாக, நான் கிளம்பும்வரை நின்றுகொண்டே இருந்தார். முன்பெல்லாம் அங்கே நான் தனியாகத்தான் இருந்தேனா என்று அப்போதுதான் சந்தேகம் வந்தது.