வெள்ளைப் பக்கங்களும் ஒரு பென்டிரைவும்

மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கிடங்கில் ஈரம் பார்ப்பது என் வேலை. மெஷினில் ஒரு பிடி மிளகைப் போட்டால் ஈரம் எவ்வளவு என்று கம்ப்யூட்டர் காட்டும். மெஷினை இடம் மாற்றினால் அளவை மறுபடி சரிசெய்ய வேண்டும். அதற்கான வழி மெஷினோடு வந்த உதவிக் கோப்பில் மட்டுமே இருக்கிறது. புத்தகம் கிடையாது. மெஷினைச் செய்த கம்பெனியும் இன்று கிடையாது.

கம்ப்யூட்டர் பழைய எக்ஸ்பி. இழுத்துப் பறித்து ஓடிக்கொண்டிருந்தது. அதை ரிப்பேர் பார்க்க வருபவன் பக்கத்துப் பள்ளுருத்தி ஆள், நம் தமிழன், பத்து வருடப் பழக்கம். இந்த முறை வந்ததும், மெஷினையே மாற்றிவிடலாம் என்றான். அன்றே எனக்குச் சந்தேகம். புது மெஷின் விற்றால் இவனுக்கு என்ன கிடைக்கும்?

மாற்ற மாட்டேன் என்றேன். சரி என்று புரோகிராமைப் புதுக் கம்ப்யூட்டரில் ஏற்றினான். உதவிக் கோப்புகளைப் பென்டிரைவில் எடுத்து வந்தான். கண்ட கம்ப்யூட்டரில் குத்தியதை இதில் குத்தக் கூடாது, மெயிலில் அனுப்பு என்றேன். முணுமுணுத்துக்கொண்டே அனுப்பினான். இரண்டு நாளில் பழைய பெட்டி செத்தது.

புதுக் கம்ப்யூட்டரோடு மெஷினையும் ஜன்னல் பக்கம் தள்ளி வைத்தோம். செவ்வாய்க்கிழமை லோடு ஏற வேண்டும். அளவைச் சரிசெய்யாத மெஷின் ஈரத்தைக் குறைத்துக் காட்டி, மிளகு கப்பலில் பூஞ்சை பிடித்தால் என் வேலை போகும்.

மெயிலில் ஜிப்பாகச் சுருக்கி வந்ததை இறக்கிப் பிரித்தேன்; உள்ளே கோப்புகள் இரண்டு. ஒன்று ஹெச்எல்பி வகை, ஆதி காலத்தது. இந்த வகையைத் திறக்க முடியாது என்று கம்ப்யூட்டர் முகத்துக்கு நேரே சொன்னது. சரி, நேர்மை. மற்றது சிஎச்எம் வகை, கொஞ்சம் புதியது. அது திறந்தது. இடப்பக்கம் தலைப்புகள் எல்லாம் வரிசையாக இருந்தன. ‘அளவு சரிசெய்தல்’ என்பதைத் தட்டினேன். வலப்பக்கம் வெள்ளை. அடுத்த தலைப்பு, வெள்ளை. எல்லாமே வெள்ளை. தலைப்பை விட்டுவிட்டுப் பக்கங்களை மட்டும் யாரோ உருவியது போல.

அவனை வரச் சொன்னேன். வந்தவனுக்குச் சுமைக்காரர்கள் சாயா வாங்கி வைத்தார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கேட்டேன்.

“பக்கத்தையெல்லாம் எங்க வச்சிருக்கே? புது மெஷின் வாங்கினாதான் தருவியா?”

அவன் திரையைப் பார்க்கக்கூட இல்லை.

“சேச்சிக்கு என்னெ அத்தரக்குதான் தெரியும், இல்லே?” என்றான். அக்காவுக்கு என்னை அவ்வளவுதான் தெரியுமா என்று. சாயாவைத் தொடாமல் எழுந்து போனான். குற்றமுள்ளவன்தான் இப்படிப் போவான் என்று நினைத்தேன்.

முதலாளியிடம் ஆதாரத்தோடு சொல்ல வேண்டும். கோப்பில் எந்தத் தேதியில் கைவைத்தான் என்று பார்க்க, அதன் மேல் வலது கிளிக் செய்து விவரத்தைத் திறந்தேன். கடைசியாக மாற்றிய தேதி, அவன் இந்தக் கிடங்குக்கே வருவதற்கு முந்திய வருடம். கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: இது வேறு கம்ப்யூட்டரிலிருந்து வந்தது, பாதுகாப்புக்காகத் தடுக்கப்பட்டிருக்கலாம். பக்கத்தில் தடையை நீக்க ஒரு கட்டம். அதில் டிக் போட்டேன். கோப்பைத் திறந்தேன்.

பக்கங்கள் அத்தனையும் இருந்தன. மெயிலில் வந்ததால் கம்ப்யூட்டர் நம்பவில்லை. பென்டிரைவில் வந்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை என்று பிறகு தெரிந்தது. மெயிலில் அனுப்பச் சொன்னது நான்.

எல்லாப் பக்கத்தையும் பிரிண்ட் எடுத்தேன். ஏதாவது குறைகிறதா என்று தலைப்போடு ஒத்துப் பார்த்தேன். குறையவில்லை. அதன்படி அளவைச் சரிசெய்தேன். செவ்வாய்க்கிழமை லோடு போனது.

அன்று மாலை அவனுக்குப் போன் செய்தேன். எனக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. பக்கம் கிடைத்துவிட்டது, தப்பு என்மேல்தான், சுமைக்காரர்களிடமும் சொல்லிவிட்டேன் என்றேன்.

“இனி பென்டிரைவ் குத்தலாமோ, சேச்சி?” என்றான்.

“குத்து,” என்றேன். “நான் பக்கத்துல நிப்பேன்.”