மலிவு சேர்வரும் வெள்ளாங்குளத்துச் செத்தவீடும்

காசு கட்டிவிட்டு, வாங்கிய இடத்தை எட்டியும் பார்க்காத மனிதர்களால்தான் சில வருடங்கள் என் பிழைப்பு நடந்தது. அவர்களுக்கு நான் அப்போது நன்றி சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

தமிழ்நாட்டு அகதி முகாமில் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். பெயின்ற் அடித்தேன், கேபிள் இழுத்தேன். திருச்சியில் ஒரு கணினிக் கடையில் தூசி தட்டப் போய், பார்த்துப் பார்த்தே சேர்வர் வேலையைப் பழகினேன். எந்த ஊரிலும் நிலையாகத் தங்கியதில்லை. இலங்கையில் சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பலாம் என்றானபோது மற்றவர்கள் சட்டி பானை கட்டினார்கள். நான் ஒரு பழைய மடிக்கணினியைத் துவாயில் சுற்றிக்கொண்டு வந்தேன். எங்கள் காணியில் வீடு இருக்கவில்லை, கிணறு இருந்தது. அந்தப் பக்கத்துக்கு இன்னும் கரண்ட் வந்திருக்கவில்லை. அதனால் மன்னார்த் தீவில், தாராபுரத்தில், ஒரு அறை எடுத்தேன்.

வீட்டுக்காரர் புத்தளத்தில் நெடுங்காலம் அகதியாக இருந்துவிட்டுத் திரும்பிய முஸ்லிம் மனிதர். கருவாட்டு வியாபாரி. அண்ணன் என்ற முறையில் நான் அவரை நானா என்பேன். முன்பணம் எவ்வளவு என்று கேட்டதற்குச் சிரித்தார். "நானும் அகதி, நீயும் அகதி. இதில ஆர் ஆரிட்ட அட்வான்ஸ் கேக்கிறது? மாதம் பிறந்தா வாடகையத் தா, காணும்."

தொழில் இதுதான். ஐரோப்பாவில் ஒரு நிறுவனம் சேர்வர் என்ற பெரிய கணினிகளை மாத வாடகைக்கு விடும். நான் ஒன்றை எடுத்து, அதை மென்பொருளால் பல சின்னக் கணினிகளாகப் பிரித்து ஆளுக்கொன்றாக விற்பேன். வாங்குகிறவருக்குத் தனக்கென்று ஒரு முழுக் கணினி இருப்பதுபோலவே தெரியும். அதில் அவர் தன் இணையத்தளத்தை ஓட்டலாம், வீடியோ காட்டலாம். விலை, தேத்தண்ணிக் கடையில் ஒரு காலைச் சாப்பாட்டுக்குக் கொடுப்பதுதான்.

அந்த விலைக்கு எப்படிக் கட்டுபடியாகும் என்று கேட்டவர்களிடம் மறைக்காமல் சொன்னேன். பெரிய கணினியில் இருப்பதைவிடக் கூடவே விற்கிறேன். எல்லோரும் ஒரே நேரத்தில் பாவிக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் இந்த மலிவு. மன்னார் பஸ்ஸில் இருக்கிற சீற்றுக்கு மட்டும் ரிக்கற் கிழித்தால் பஸ் ஓடுமா? இன்னொன்றும் சொல்வேன்: அடிக்கடி ரெலிபோன் எடுக்காதீர்கள். ஒருவருக்கு அரை மணித்தியாலம் விளக்கம் சொன்னால் அவர் கட்டிய காசு அதிலேயே கரைந்துபோகும். ஒன்றும் கேட்காமல் இருப்பவர்கள்தான் என் லாபம்.

வாங்கியவர்கள் எல்லோரும் எங்கள் சனம். மன்னார் ரவுணில் மரண அறிவித்தல் தளம் நடத்திய ஒரு அண்ணை. கனடாவில் இருந்துகொண்டு மன்னார்ச் செய்தி போட்ட ஒருவர். ஒரு கலியாணத் தரகர். சடங்கு, கலியாணம், செத்தவீடு என்று எல்லாவற்றையும் வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு நேரடியாகக் காட்டிய ஒரு வீடியோக்காரர். நானாவுக்கும் ஒரு சின்னத் தளம் செய்து கொடுத்திருந்தேன். கருவாட்டு விலை போடுவார். ஒரு காகமும் அதை எட்டிப் பார்க்கவில்லை.

வெள்ளாங்குளத்தில் ஒருவர் இறந்துபோனார். வயல்காரர், ஒரு ட்ராக்டர் வைத்திருந்தவர். இடப்பெயர்வுகளில் அந்தப் பக்கத்துச் சனத்தை அரிசி மூட்டை, ஆடு, கிழவர் கிழவியோடு தன் ட்ராக்டர்ப் பெட்டியில் ஏற்றி ஏற்றி இறக்கியவர். செத்தவீட்டுக்கு முதல் நாள் அவருடைய மகள், வீடியோக்காரரிடம் நம்பர் வாங்கி, எனக்கு ஃபோன் எடுத்தா.

"தம்பி, அண்ணா பிரான்சில. விசா இல்ல, வரேலாது. கொள்ளி என்ர மகன் வைப்பான், அது பறவாயில்ல. பெட்டி மூட முன்னம் அண்ணா அப்பான்ர முகத்த ஒருக்காப் பாக்கவேணும். அவ்வளவுதான்."

"பிரச்சினை இல்ல அக்கா," என்றேன். அதற்கு முன் எத்தனையோ செத்தவீடுகளை அந்தக் கணினி தாங்கியிருக்கிறது.

அடுத்த நாள் காலை நல்ல வெயில். என் அறையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். படம் தொடங்கிக் கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு நின்றது, ஒரு துண்டு ஓடியது, திரும்பவும் நின்றது. மகள் எடுத்தா. "தம்பி, அண்ணாவுக்குப் படம் நிண்டு போச்சாம்."

"ஃபோன வையாதேங்கோ அக்கா. பாக்கிறன்."

வீடியோக்காரரிடம் சொல்லிப் படத்தின் தெளிவைக் குறைத்தேன். போதவில்லை. பிறகுதான் முழுவதும் விளங்கியது. அந்த மனிதரின் ட்ராக்டரில் ஏறியவர்கள் இப்போது உலகம் முழுக்க இருந்தார்கள். அவர்கள் மரண அறிவித்தலைப் பார்த்தார்கள், அதிலிருந்து வீடியோவுக்குப் போனார்கள், வீடியோ நிற்கச் செய்தித் தளத்துக்கு ஓடினார்கள், திரும்ப வந்தார்கள். மூன்றும் என்னுடைய அந்த ஒரே கணினியில். மூன்றுக்கும் வெளியே போக ஒரே இணைய வழி.

பெரிய வழி கேட்டால் நிறுவனம் அடுத்த நாள்தான் தரும். மற்றத் தளங்களை என் கையாலேயே நிறுத்தலாம். ஆனால் அவர்கள் காசு கட்டியவர்கள், அது அவர்களுடைய இடம். கேட்காமல் நிறுத்த மனம் வரவில்லை. மற்ற ஃபோனில் மரண அறிவித்தல் அண்ணையைப் பிடித்தேன்.

"என்ன கதை கதைக்கிறாய்?" என்றார். "இண்டைக்குத்தான் என்ர கடைக்குள்ள சனம் நிக்க இடமில்ல. இண்டைக்கு மூடச் சொல்லுறாய்."

"அந்தச் சனம்தான் அண்ணை செத்தவீட்டுப் படத்த மறிச்சுக்கொண்டு நிக்குது. மகன் இன்னும் முகம் பாக்கேல்ல."

"எங்கட அம்மாவ அந்த மனுசன்ர ட்ராக்டர்ப் பெட்டியிலதான் ஏத்தினனான். டீசல் காசும் வாங்கேல்ல. நிப்பாட்டு. ஆரும் கேட்டா நான் சொல்லுறன்."

கனடாக்காரர் எடுத்த எடுப்பிலேயே ஏசினார். "நானும் அதைத்தான்டா பாத்துக்கொண்டு இருக்கிறன். நிண்டு நிண்டு வருது. என்ன சேர்வர் விக்கிறாய் நீ?"

"உங்கட செய்தித் தளத்த நிப்பாட்டினா ஓடும் அண்ணை."

"அப்ப என்னாலயோ நிக்குது?"

"உங்களாலயும்."

"நிப்பாட்டித் துலை!"

இதற்கிடையில் வெள்ளாங்குளத்து வீட்டுச் சத்தம் முதல் ஃபோனில் கேட்டுக்கொண்டே இருந்தது. குருக்கள் அவசரப்பட்டார். "நேரம் போகுது பிள்ளை." மகள் சொன்னா: "பொறுங்கோ ஐயா, பிரான்சுக்குப் படம் போகேல்ல." யாரோ ஒரு கிழவர் உரத்துச் சொன்னார்: "இந்த மனுசனிட்டச் சொல்லியிருந்தா ட்ராக்டரிலயே பிரான்சுக்குக் கொண்டுபோய் இறக்கியிருப்பான்." அழுதுகொண்டிருந்த பெண்களில் இரண்டொருவர் சிரித்துவிட்டார்கள். குருக்களும் பிறகு அவசரப்படவில்லை.

என் கதவடியில் நானா நின்றார். என் முகத்தைப் பார்த்து விசாரித்தார். சொன்னேன்.

"அப்ப என்ர கடையையும் நிப்பாட்டு."

"உங்கடையில ஒருத்தரும் இல்லையே நானா. நிப்பாட்டினாலும் ஒண்டும் மிஞ்சாது."

"ஆள் இல்லாட்டி என்ன? மையத்துப் போற நேரம் ரோட்டுக் கரைக் கடையளச் சாத்துறதில்லையா? நிப்பாட்டு தம்பி."

அந்த இரண்டு தளங்களோடு நானாவின் கடையையும் நிறுத்தினேன். படம் ஓடத் தொடங்கியது. நிற்காமல் ஓடியது.

மகள் தன் பிள்ளையின் ஃபோனில் அண்ணனுக்கு எடுத்திருந்தா. அவருடைய குரல் எனக்கும் மெல்லக் கேட்டது. படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அப்பாவுக்கு ஆர் ஷேவ் எடுத்தது?"

"என்ர மகன்தான், அண்ணா."

"வடிவா எடுத்திருக்கிறான்."

அதற்குமேல் நான் கேட்டுக்கொண்டிருப்பது சரியில்லை என்று ஃபோனை வைத்துவிட்டேன். திரையில், சத்தமில்லாமல், பெட்டியை மூடினார்கள்.

அதன் பிறகு பல நாட்கள் யோசித்தேன். உலகத்தில் மலிவாக விற்கிறவர்களிடம் வாங்குகிறவர்கள் ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள். ஒருவன் நித்திரை கொள்ளும் நேரம் இன்னொருவன் வேலை செய்வான், கணக்குச் சரிவரும். என்னுடையவர்கள் அப்படியல்லர். ஒரு வீட்டில் சாவு என்றால் எல்லோரும் அந்த ஒரு முற்றத்துக்கே வருவார்கள். கூடுதலாக விற்றது பிழையான தொழில் என்று இன்றும் நினைக்கவில்லை. எங்கள் சனத்துக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது, அவ்வளவுதான்.

அதனால் கணினியில் ஒரு நல்ல பங்கை விற்காமல் வைத்தேன். இன்னொரு வழியும் வாடகைக்கு எடுத்தேன். விலையைக் கொஞ்சம் கூட்டவேண்டி வந்தது. ஏன் என்று எல்லோருக்கும் எழுதினேன். தரகர் முணுமுணுத்தார், ஆனாலும் கட்டினார். ஒருவரும் விட்டுப் போகவில்லை. வாழ்க்கையில் எத்தனையோ ஊர்களில் இருந்து என்னை எழுப்பி அனுப்பியிருக்கிறார்கள். இவர்கள் என்னை இருத்தி வைத்தார்கள்.

அடுத்த வருடம் மகள் திரும்பவும் எடுத்தா. ஆண்டுத் திவசமாம். அண்ணாவுக்கு இன்னும் விசா கிடைக்கவில்லையாம்.

"திரும்பவும் உமக்குக் கரைச்சல், தம்பி. எல்லாரும் பாக்கப் போகினம். போன முறை மாதிரி மற்ற ஆக்களிட்ட நிப்பாட்டச் சொல்லிக் கேக்கவேணுமோ?"

"ஒருத்தரிட்டயும் கேக்கத் தேவையில்ல அக்கா," என்றேன். "இடம் கிடக்கு."