கூடையில்லாத படம்

பன்வில மலைச்சரிவில் மாலை வெயில் சாய்கிறது. என் பெட்டிக் கமராவின் சுருளில் இன்னும் ஒரு படத்துக்குத்தான் இடம். கொழுந்து பறிக்கும் இந்தப் பெண்ணை எடுக்கலாமென்றால், அவள் முதுகுக் கூடையை இறக்கித் தேயிலைச் செடிக்குப் பின்னால் ஒளித்துவைக்கிறாள்.

"ஏன்? கூடையோட நில்லுங்கோவன்."

"வேணாங்கய்யா. படம் ஊருக்குப் போவணும். தொர பங்களாவுல புள்ளயப் பாத்துக்குறேன்னு ஆத்தாகிட்ட சொல்லியிருக்கேன். நெத்தியில கயித்துத் தடம் தெரியுதுங்களா?"

தெரிகிறது. கூடைக் கயிறு அழுத்திய பள்ளம்.

முந்தானையால் தேய்த்துக்கொண்டே இருக்கிறாள். நான் காத்திருக்கிறேன். வெயில் மலைக்குப் பின்னால் இறங்குகிறது.

"மறஞ்சிருச்சுங்களா?"

மறைந்தது வெயில்தான்.

"ஓம், மறைஞ்சிட்டுது" என்று சொல்லி விசையை அழுத்துகிறேன்.