திரியாகிப் போன பனி

எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜின் மேல்பக்கம் என் ராஜ்ஜியம். தீப்பெட்டி, ஊதுபத்தி, கற்பூர டப்பா, விளக்குக்கு ஊற்றும் எண்ணெய் எல்லாம் அங்கேதான் இருக்கும். வேறு எதையாவது அங்கே வைத்தால் நான் கத்துவேன் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மருமகளுக்கும் தெரியும். அப்படியிருந்தும் அந்த மார்கழியில் அவள் ஒரு பெரிய பஞ்சுக் கட்டைக் கொண்டுபோய் அதன்மேல் வைத்தாள். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

மருமகள் பட்டாபிராம் பெண். கிறிஸ்தவக் குடும்பம். சின்ன வயதிலேயே அம்மா தவறிவிட்டார். ரயில்வேயில் இருந்த அப்பாதான் தனியாளாக வளர்த்தார். அவளுக்கும் என் மகனுக்கும் அம்பத்தூரில் ஒரே கம்பெனி. அவள் பட்டாபிராமில் ஏறும் வண்டியில் இவன் திருமுல்லைவாயிலில் ஏறுவான். மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை.

கல்யாணம் சர்ச்சில்தான் என்றார் அவள் அப்பா. கோயிலில்தான் என்றோம் நாங்கள். இரண்டு பக்கமும் முறுக்கிக்கொண்டு நின்றதில், பிள்ளைகள் ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அவரும் அன்றைக்கு வந்திருந்தார். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. எல்லாம் முடிந்ததும் மகளின் தலையில் கைவைத்து, "நான் போறேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

தெருமுனைக் கடைக்குக் கொத்தமல்லி வாங்கப் போனால்கூட "வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் நாம் கிளம்புவோம். சாவு வீட்டில்தான் அப்படிச் சொல்லாமல் எழுந்து போவது. பெற்ற பெண்ணிடம் அவர் "போறேன்" என்றது எனக்கே சுருக்கென்றது. அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? அதற்குப் பிறகு அவள் போய்ப் பார்த்தால் பேசுவார், சோறு போடுவார். எங்கள் வீட்டு வாசலை மட்டும் மிதிக்கவில்லை.

அந்த வருஷம் டிசம்பர் பிறந்ததும் மருமகள் என் பின்னாலேயே சுற்றினாள். கடைசியில், "அத்தை, ஊட்ல ஒரு கிறிஸ்துமஸ் மரம் வெச்சிக்கவா?" என்றாள்.

"வெச்சிக்க. எந்த சாமியும் எடம் பத்தலன்னு சண்டைக்கு வராது" என்றேன்.

ஆவடி மார்க்கெட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் மரம் வந்தது. பெட்டியிலிருந்து எடுத்தபோது ஒட்டடைக் கொம்பு மாதிரிதான் இருந்தது. அதை அப்படியே சொல்லியும் விட்டேன். என் வாய் சும்மா இருக்காது. ஆனால் அவள் ஒவ்வொரு கிளையாகப் பிரித்து வளைத்து, நட்சத்திரம், உருண்டை, சீரியல் பல்பு என்று கட்டி முடித்ததும் மரத்துக்கு ஒரு களை வந்துவிட்டது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் வீட்டுக்கு வரச்சொல்லி அப்பாவுக்குப் போன் போட்டாள். "பாக்கலாம்" என்றாராம். நம் ஊரில் "பாக்கலாம்" என்றால் முக்கால்வாசி இல்லை என்றுதான் அர்த்தம். அவளோ மீதிக் கால்வாசியைப் பிடித்துக்கொண்டு, வீட்டைத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள்.

இதற்கு நடுவில் என் மகன் புத்திசாலித்தனமாக ஒரு வேலை செய்தான். மரத்தில் பனி இல்லையே என்று, கடையில் ஒரு ஸ்னோ ஸ்பிரே வாங்கிவந்து, அவள் குளித்துவிட்டு வருவதற்குள் மரம் முழுக்க அடித்துவிட்டான். வெள்ளை வெளேரென்று நன்றாகத்தான் இருந்தது. அவள் தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தபோது அத்தனையும் கரைந்து, மரம் மழையில் நனைந்த கோழியாக நின்றது. பிறந்தநாளில் மூஞ்சியில் அடித்து விளையாடுவார்களே, அந்த நுரை டப்பா அது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவளுக்கு மட்டும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உன்ன யாரு பனி போட சொன்னது?" என்று அவனைப் பிடித்து உலுக்கினாள். ஒரு நுரைக்கா இந்தக் கோபம் என்று நினைத்துக்கொண்டே மாப் எடுத்துவந்து தரையைத் துடைத்தேன்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பஞ்சுக் கட்டு ஃப்ரிட்ஜ் மேலே வந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மார்கழி மாதம், விடியற்காலையில் கோலம் போட்டு வாசலில் விளக்கு வைக்கிறேன். பஞ்சு என் ராஜ்ஜியத்தில் எண்ணெய்ப் பாட்டில் பக்கத்தில் இருக்கிறது. எனக்கு என்ன தோன்றும்? கிறிஸ்தவப் பெண், நம் வாசல் விளக்குக்குப் பஞ்சு வாங்கி வைத்திருக்கிறதே என்று எனக்கு மனசு குளிர்ந்துபோனது. பக்கத்து வீட்டிலும் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டேன்.

அந்த இருபத்துநாலாம் தேதி மத்தியானம், அவள் அரைநாள் வேலைக்குப் போயிருந்த நேரம், டிவியில் சீரியலைப் போட்டுவிட்டுப் பஞ்சுக் கட்டைப் பிரித்தேன். விபூதியைத் தொட்டுத் தொட்டுத் தொடையில் வைத்து உருட்டினால் திரி முறுக்காக நிற்கும். ஆசையாக வாங்கிக் கொடுத்ததை ஆசையாகவே செய்வோம் என்று உருட்டினேன். சீரியல் முடிந்து அடுத்த சீரியலும் முடிந்தபோது தட்டு நிறையத் திரி குவிந்திருந்தது. ஒரு பொட்டுப் பஞ்சுகூடப் பாக்கியில்லை.

வேலையிலிருந்து வந்தவள் தட்டைப் பார்த்தாள். பிறகு ஃப்ரிட்ஜ் மேலே பார்த்தாள்.

"அத்தை, அந்தப் பஞ்சு..."

"ஆமாம்மா, நீ வாங்கி வெச்சதுதான். பாரு, தை பொறக்கற வரைக்கும் வரும்."

அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "அது பனிக்கு வாங்கினது அத்தை. எங்க ஊட்ல வருஷா வருஷம் டாடிதான் பனி போடுவாரு. பஞ்ச மெல்லிசா இழுத்து இழுத்து அவரே வெப்பாரு, யாரையும் தொட உடமாட்டாரு. வந்தா அவரே போடட்டும்னுதான் அப்படியே வெச்சிருந்தேன்." கண்ணில் தண்ணீர் நின்றது. "வேலைன்னு ஒண்ணு இருந்தா கொஞ்ச நேரம் உக்காருவாரு இல்ல? இல்லன்னா வாசலோட போயிடுவாரு."

இந்தப் பெண் மரத்தை வைத்ததே அவருக்காகத்தான். அன்று நுரைக்கு ஏன் அப்படிக் கோபப்பட்டாள் என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளோடு வேலையிலிருந்து வந்த மகனைப் பிடித்து, வேறு பஞ்சு வாங்க மெடிக்கல் ஷாப்புக்கு விரட்டினேன். அவன் பைக் தெருவைத் தாண்டியிருக்காது, வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது.

அவர்தான். கையில் ஒரு துணிப்பை. அதில் அச்சு முறுக்கு. செருப்பைக் கழற்றாமல் வாசல்படிக்கு வெளியிலேயே நின்றார்.

"இன்னா சம்மந்தி, அங்கியே நின்னுகினு கீறீங்க? உள்ள வாங்க."

"இல்லம்மா. ஒரு எட்டு பாத்துட்டு, இத குடுத்துட்டு கெளம்பலாம்னு வந்தேன்." பேசிக்கொண்டே மகளைப் பார்த்தவரின் முகம் மாறியது. "இன்னா பாப்பா, அழுதியா?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள். அவர் பார்வை என் பக்கம் திரும்பியது. மாமியார் கொடுமை என்று நினைத்திருப்பார், பாவம். இதற்கு மேல் மூடிவைத்து என்ன ஆகப்போகிறது?

"நான்தான் சம்மந்தி அழ வெச்சேன். நீங்க வந்து பனி போடுவீங்கன்னு உங்க பொண்ணு பஞ்சு வாங்கி வெச்சிருந்தா. நான் அத்தினியையும் விளக்குக்குத் திரிச்சிட்டேன்" என்று தட்டைத் தூக்கிக் காட்டினேன்.

அவர் தட்டைப் பார்த்தார். உள்ளே பனியில்லாமல் மொட்டையாக நின்ற மரத்தைப் பார்த்தார். பிறகு சிரித்தாரே ஒரு சிரிப்பு! அவர் பல்லை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். "குடுங்க இங்க" என்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, மரத்துக்குப் பக்கத்தில் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"திரிச்சத பிரிக்கலாம்மா. இன்னா, கொஞ்சம் நேரமாகும்."

மூன்று பேரும் உட்கார்ந்து பிரித்தோம். நான் முறுக்கியதை நானே பிரிக்க எனக்குப் பொறுமையில்லை, பிய்த்துப் பிய்த்துப் போட்டேன். அவர் ஒவ்வொன்றையும் எதிர்ப்பக்கமாக உருட்டி, நுனியைப் பிடித்து இழுத்துப் பரத்தினார். நடுவில் விரலை உற்றுப் பார்த்தார்.

"இது இன்னாம்மா, மாவா?"

எனக்குப் பக்கென்றது. "விபூதி சம்மந்தி. திரி நிக்கறதுக்கு."

அவர் கை நின்றது. மருமகள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். போச்சு, எழுந்துவிடப் போகிறார் என்று நினைத்தேன்.

"சாம்பல் புதன் அன்னிக்கு எங்களுக்கும் நெத்தில சாம்பல்தான் வெப்பாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த திரியை எடுத்தார்.

என் மகன் புதுப் பஞ்சோடு வந்தபோது மரத்தில் பாதிப் பனி ஏறிவிட்டது. "அத சம்மந்தியம்மாகிட்ட குடுப்பா, விளக்குக்கு" என்று சொல்லிவிட்டார். பழைய பஞ்சு லேசான சாம்பல் நிறத்தில் இருந்தது. மருமகள் பிறந்ததிலிருந்து பார்த்த மரங்களில் இதில்தான் பனி நிஜமான பனி மாதிரி இருக்கிறதாம். நிஜப் பனியை எங்களில் யாரும் பார்த்ததில்லை, அதனால் யாரும் மறுக்கவில்லை. நான் போட்ட டீயை அவர் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

சர்ச்சுக்குப் போக வேண்டும் என்று எழுந்தார். மகளின் தலையில் கைவைத்தார். எதுவும் சொல்லாமல் போய் ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்தார். கேட்டருகே நின்ற மருமகளின் முகத்தைப் பார்த்தேன். ரிஜிஸ்டர் ஆபீஸ் படியில் பார்த்த அதே முகம். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. இவ்வளவு பிரித்துப் போட்டும் இந்த மனுஷனின் ஒரு முறுக்கு மட்டும் பிரியவில்லையே!

"சம்மந்தி! இன்னா, சொல்லாம கொள்ளாம கெளம்பிட்டீங்க?" என்று வாசலிலிருந்தே சத்தம் போட்டேன். எதிர்வீட்டில் ஜன்னல் திறந்தது. திறக்கட்டும்.

அவர் வண்டியை ஆஃப் செய்தார். பிறகு மகளைப் பார்த்து, "பனிய நீங்க யாரும் தொடாதீங்க. போட்டவன்தான் எடுக்கணும்" என்றார். "போய்ட்டு வரேம்மா."

ஸ்கூட்டர் தெருமுனை திரும்பும்வரை அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அத்தை, வரேன்னுதான சொன்னாரு?"

"ஆமாண்டி. தெருவுக்கே கேட்டுச்சு" என்றேன்.