லிவர்மோருக்குப் போன பிஷப்

நேற்றுக் காலை குபெர்டினோ ஆபீஸில் உட்கார்ந்து நம் சபையின் மெயிலிங் லிஸ்ட்டைத் திறந்தேன். பிஷப் தவமணி ஐயா தூக்கத்திலேயே போய்விட்டார் என்று ஒரே ஒரு வரி. கண் கலங்கியது. அடுத்த நிமிடமே லிவர்மோர் ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். அன்றைக்கு நம்மோடு பார்க்கிங் லாட்டில் நின்றவர்கள் என்னைத் தப்பாக நினைக்க மாட்டீர்கள்.

பாளையங்கோட்டையில் பிறந்து, நியூ ஜெர்சி ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்காக ஜெபித்து, டெக்சாஸில் பல வருடம் ஒரு சபையைப் பார்த்துக்கொண்டு, பிறகு இங்கே துணைப் பேராயராக வந்தவர். பேராயர் ஓய்வு பெற்றாலும் துணைப் பேராயருக்கு அந்த இடம் தானாக வராது. யாராவது அதற்காக வருத்தப்பட்டால், "பெரியவர் போக முடியாத சின்னச் சபைக்கெல்லாம் நான்தான் போறேன். நல்ல சாப்பாடு பூராவும் எனக்குத்தான்" என்பார்.

அப்படித்தான் சான்டா கிளாராவில் வாடகை ஹாலில் கூடும் நம் தமிழ்ச் சபைக்கும் முதல் முறையாக வந்தார். என்னையும் சேர்த்து ஆறு பேருக்குத் திடப்படுத்தல், அதாவது பிஷப் தலைமேல் கை வைத்து ஜெபித்துச் சபையின் முழு அங்கத்தினராக்கும் சடங்கு. மூன்று மணிக்கு ஆராதனை, ஐந்துக்கு ஹாலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மூன்றரை ஆகியும் ஆளைக் காணோம். பொன்னாடையோடு வாசலில் நின்ற செயலாளர் செல்வின் அங்கிளின் செல்போன் அடித்தது.

"வந்துட்டேன் செல்வின். கோபுரம் ரொம்ப உசரமா கட்டிருக்கீங்களே."

"எந்தக் கோபுரம் ஐயா?"

அது எந்தக் கோபுரம் என்று எனக்குத் தெரியும். சபையின் வெப்சைட் ஸ்கூல் பையனாக நான் செய்தது. எச்டிஎம்எல் யாரும் சொல்லித் தரவில்லை. பிடித்த பக்கங்களின் சோர்ஸைத் திறந்து அப்படியே எடுப்பேன், பெயரை மட்டும் மாற்றுவேன். லிவர்மோர் இந்துக் கோயிலின் பக்கம் அழகாக இருந்ததால் எடுத்தேன். மேலே நம் சபையின் பெயர், கீழே கோயிலுக்குப் போகிற வழி. அதை மாற்ற மறந்துவிட்டேன். பாவம் மனிதர், ஊருக்குப் புதுசு. பிரிண்ட் எடுத்து, மலை ஏறி இறங்கி டிரைவ் பண்ணிப் போயிருக்கிறார்.

சொன்னால் போச்சு. ஒரு தப்பு வந்தாலும் வெப்சைட்டை எடுத்துவிடுவோம் என்று சொல்லித்தான் கமிட்டி அனுமதித்திருந்தது. அந்த வயதில் எனக்கு அதுதான் உலகம். "வயசாச்சுல்ல, எக்ஸிட்டை விட்டிருப்பார்" என்று செல்வின் அங்கிள் எல்லாரிடமும் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

ஐந்தேகாலுக்கு வந்து சேர்ந்தார். ஹால் போய்விட்டது. ஊதாச் சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. என்ன ஆயிற்று என்று எல்லாரும் சூழ்ந்துகொண்டோம். "நான்தான் வழி தப்பிட்டேன். குருக்கள் புளியோதரை சாப்பிடாம விட மாட்டேன்னுட்டார்" என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த பிரிண்ட்டை மடித்துப் பையில் வைத்தார். அதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

ஆராதனையைப் பார்க்கிங் லாட்டிலேயே வைத்தார். கார்களிலிருந்து ஃப்ளோர் மேட்களை எடுத்து முழங்கால் போட வரிசையாக விரித்தோம். ஐயாவின் பேராயர் தொப்பியைக் காற்று தூக்க, செல்வின் அங்கிள் பக்கத்தில் நின்று பிடித்துக்கொண்டார். நான் மூன்றாவது ஆள். என் தலைமேல் கை வைக்கக் குனிந்தார். அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை.

"ஐயா, நீங்க வழி தப்பல. நான்தான் தப்பாப் போட்டேன். கோயில் பக்கத்தப் பாத்து காப்பி அடிச்சேன்."

செல்வின் அங்கிளின் கை தொப்பியை விட்டுவிட்டது. அது உருண்டு யாருடைய வேனுக்கோ அடியில் போனது.

பிஷப் ஐயா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தெரியும்டே. செருப்பை வெளியே விடவும்னு கடைசியில போட்டிருந்தியே. நம்ம ஊர்ச் சர்ச்லயும் வெளியதான விடுவோம், சரியாத்தான் இருக்கும்னு போயிட்டேன்."

வரிசையில் இருந்த அமெரிக்காவிலேயே பிறந்த பிள்ளைகளுக்குக்கூடப் புரிந்துவிட்டது. சிரிப்பு கார் காராகப் பரவியது. "வெப்சைட்டை எடுத்துராத செல்வின். வழியை மட்டும் மாத்தச் சொல்லு" என்றார். செல்வின் அங்கிள் வேனுக்கு அடியிலிருந்து, "சரிங்கையா" என்றார்.

பிறகு இரண்டு கைகளையும் என் தலையில் வைத்து ஜெபிக்க ஆரம்பித்தார். பாதி ஜெபத்தில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. குரலை எப்படியோ அடக்கிக்கொண்டார், கைகளை அடக்க முடியவில்லை. அவை என் தலைமேல் குலுங்கிக்கொண்டே இருந்தன. ஐயாவிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தக் குலுங்கல்தான்.