துக்க வீட்டு நத்தார் மரம்

எங்கள் வீட்டில் அந்த வருடம் நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, மரம் வைக்கக் கூடாது என்று சொன்னவர் பெரிய அத்தை. சரி என்று தலையாட்டியவர் அப்பா. வைத்தவர் அம்மா. எனக்கு அப்போது ஒன்பது வயது. மூன்று பேரில் யார் சொல்வது நியாயம் என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால், பல்பு வைக்கிறவர் யாரோ அவர் பக்கம் என்று சொல்லியிருப்பேன்.

பெரிய அத்தை அப்பாவின் அக்கா. கண்டிக்குப் பக்கத்து அம்பிட்டியவில் ரோட்டிலிருந்து பதினெட்டுப் படி இறங்கினால் வரும் எங்கள் வீட்டை நடுவில் ஒரு பலகைச் சுவர் இரண்டாகப் பிரித்திருந்தது. முன்பக்கம் அத்தை, பின்பக்கம் நாங்கள். அந்தப் பக்கம் அத்தை இருமினால் இந்தப் பக்கம் அப்பா ரேடியோச் சத்தத்தைக் குறைப்பார். அந்த ஆகஸ்டில் அவர்கள் இருவருக்கும் மூத்தவரான பெரியப்பா தூக்கத்திலேயே காலமானார். அரசாங்க உத்தியோகம் பார்த்தவர். மாதா கோயிலில் முன்வரிசை ஆள். சவ ஊர்வலம் ரோட்டை அரை மணிநேரம் நிறுத்திவைத்தது என்று அத்தை வருகிற எல்லாரிடமும் சொன்னார். துக்கத்திலும் அதில் அவருக்கு ஒரு திருப்தி இருந்தது.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குக் கட்டிய சேலையோடே எங்கள் பக்கம் வந்து கதிரையில் உட்கார்ந்தார்.

"இந்த வருசம் மரம் இல்ல, நச்சத்திரம் இல்ல, கேக் இல்ல. வருசம் திரும்புற வரைக்கும் இது துக்க வீடு. நாலு பேரு பாக்குறாங்க."

"அதுக்கென்னக்கா," என்றார் அப்பா.

அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். துருவுவதை நிறுத்தவில்லை.

எனக்குத்தான் அது பொறுக்கவில்லை. இத்தாலியில் இருக்கும் அத்தை மகன் கொண்டுவந்து கொடுத்த பிளாஸ்டிக் மரம் ஒன்று அத்தையின் அலுமாரிக்கு மேல் இருந்தது. வருடத்தில் ஒருமுறை அது இறங்கும். சிவப்பும் தங்கமுமாக உருண்டைகள், இரண்டு பல்பு மாலைகள். இனி அதெல்லாம் அடுத்த வருடம்தான் என்றால் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது முதுமை வரை காத்திருப்பது போல. அத்தையோடு பேசுவதில்லை என்று முடிவெடுத்தேன். எங்கள் பக்கப் பலகைச் சுவரில், அத்தை பார்க்கட்டும் என்று, கரித்துண்டால் ஒரு பெரிய மரம் வரைந்தேன். பலகைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவருக்கு இந்தப் பக்கப் படம் தெரியாது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அத்தை கவனிக்காததை அவருடைய பிடிவாதமாக எடுத்துக்கொண்டு, அடுத்த நாள் இன்னொரு மரம் வரைந்தேன்.

அம்மா அந்தப் படங்களை அழிக்கவில்லை. பள்ளிக்கூடம் விடுமுறை விட்ட மறுநாள் காலையில், "தெல்தோட்டைக்கு அண்ணியப் பாக்கப் போறேன். புள்ளையையும் கூட்டிட்டுப் போறேன்," என்று அப்பாவிடம் சொன்னார். கேட்கவில்லை, சொன்னார்.

தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றுதான் அம்மா பிறந்த இடம். அங்கே தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீட்டில் மாமி தனியாக இருந்தார். மாமா, அம்மாவின் ஒரே அண்ணன், தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தபோது குளவி கொட்டி இறந்துபோனவர். அப்போது நான் கைக்குழந்தையைவிடக் கொஞ்சம் பெரியவளாம். எனக்கு அவர் சுவரில் மாலை போட்ட ஒரு படம், அவ்வளவுதான். முகத்தைவிடக் காதுகள் பெரிதாகத் தெரிவதால் அந்தப் படம் எனக்குப் பிடிக்கும்.

தேத்தண்ணி குடித்த கையோடு மாமியும் அம்மாவும் ஆளுக்கொரு சாக்கை எடுத்துக்கொண்டு லயத்துக்கு மேலே இருந்த பைன் காட்டுக்கு ஏறினார்கள். அம்பிட்டியவில் அம்மா படியில் இறங்கினால்கூட சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவார். இங்கே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஊசி ஊசியாய் உதிர்ந்து வழுக்கும் இலைமேல் ஆடு போல ஏறினார். நான்தான் பின்னால் தவழ்ந்தேன்.

பைன் காய்களைப் பொறுக்கினோம். யூக்கலிப்டஸ் காய், சீப்புப் போலக் காய்ந்த பன்ன இலை, பாறையில் பாய் போல உரிந்து வந்த பச்சைப் பாசி, காற்றில் விழுந்து கிடந்த ஒரு குருவிக்கூடு. நல்லதாகப் பார்த்து எடுக்க வேண்டும் என்று நினைத்து, பாதி உடைந்த காய்களை நான் தூக்கி எறிந்தேன். அம்மா திரும்பப் போய் அவற்றையும் எடுத்துச் சாக்கில் போட்டார்.

"அங்க ஒன்னும் சொல்ல மாட்டாங்களா?" என்று கேட்டார் மாமி.

"சொல்லட்டும்."

"ஒங்க வீட்டுக்காரரு?"

"அவரு என்னத்தச் சொல்லப் போறாரு. அவரு அதுக்கென்னம்பாரு."

மாமி சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். பிறகு கத்தியை எடுத்துப் போய், காற்றில் சாய்ந்து கிடந்த சைப்ரஸ் மரம் ஒன்றின் நுனியை வெட்டி இழுத்து வந்தார். அம்மாவைவிட ஒரு சாண் உயரம்.

பஸ்ஸில்தான் முதல் சண்டை. கண்டி பஸ் வந்து நின்றதும் நடத்துனர் மரத்தைப் பார்த்து, இதையெல்லாம் ஏற்ற முடியாது, ஆட்களுக்கே இடமில்லை என்று சிங்களத்தில் கத்தினார். அம்மா முதலில் என்னை ஏற்றினார், பிறகு சாக்கை, பிறகு அடிப்பக்கமாக மரத்தை. "ஏகட்டத் டிக்கட் எகக் தென்ன, மல்லி," என்றார். அதுக்கும் ஒரு டிக்கெட் தாங்க தம்பி என்று அர்த்தம். நடத்துனர் மரத்தைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டா என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். பஸ் முழுக்கச் சிரித்தது. அம்மா மட்டும் சிரிக்காமல், "முழு டிக்கெட்," என்றார். கலஹா தாண்டும்போது இரண்டு ஆண்கள் நின்றபடியே மரத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஒரு கிழவர் அதன் கிளையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு தூங்கிப்போனார். கண்டியிலிருந்து த்ரீவீலில் வந்தோம். மரம் இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டு வந்தது. அம்பிட்டிய ரோட்டில் எங்களைப் பார்க்காத ஆள் இல்லை.

மண்ணெண்ணெய் வாளியில் மண் போட்டு மரத்தை நட்டு, வாளியைச் சாக்கால் சுற்றி வாழை நாரால் கட்டினார் அம்மா. அதே நாரால் காய்களைக் கட்டித் தொங்கவிட்டோம். பட்டையாகவே கறுவாத் துண்டுகள். வட்டமாக வெட்டி மூன்று நாள் கூரையில் காயவைத்த தோடம்பழம். அடியில் பாசி. குருவிக்கூட்டை உச்சியில், நட்சத்திரம் இருக்க வேண்டிய இடத்தில் வைத்தார்.

"ஒரே ஒரு உருண்டை, தங்கக் கலர்," என்று கெஞ்சினேன்.

"கூடாது."

"பஞ்சாவது வைக்கலாம்மா, ஸ்னோ மாதிரி."

"தெல்தோட்டையில எங்கடி பஞ்சு கொட்டுது? இது அங்க எப்படி இருந்திச்சோ அப்படித்தான் இங்க இருக்கும்."

உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த மரத்தைப் பிடிக்கவில்லை. மினுக்கமே இல்லை. யாரோ விறகுக்கட்டை நிமிர்த்தி வைத்தது போல இருந்தது. ஆனால் வீடெல்லாம் ஒரு வாசனை. காட்டைத் துண்டாக நறுக்கி உள்ளே கொண்டுவந்து வைத்த மாதிரி. அத்தைக்கு எதிராக வைத்த மரம் என்பதால், பிடிக்காவிட்டாலும் நான் அதன் கட்சி.

அத்தை அதைப் பார்த்தது நத்தாருக்கு இரண்டு நாள் முன்பு, பின்நேரம். வாசனைதான் அவரை அழைத்து வந்திருக்க வேண்டும். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"துக்க வீட்டுல இது என்ன கூத்து?"

"கூத்து இல்ல அண்ணி. காட்டுல கெடந்தது," என்றார் அம்மா.

"காட்டுல கெடக்குறதெல்லாம் வீட்டுக்குள்ள எதுக்கு? எங்கண்ணன் போயி நாலு மாசம் ஆகல. அந்த மனுசனுக்கு இந்த வீட்டுல இவ்வளவுதானா மரியாத?" அப்பா பக்கம் திரும்பினார். "தம்பி, நீ பாத்துக்கிட்டு இருக்கியா?"

அப்பா பேப்பரை மடித்தார். மறுபடி மடித்தார். "நாளைக்கு எடுத்துப்புடலாம்க்கா," என்றார்.

அம்மா மரத்துக்கு முன்னால் வந்து நின்றார்.

"யாரும் எடுக்க வேணாம். நச்சத்திரம் கட்டல. கேக் அடிக்கல. புள்ளைக்குப் புது உடுப்பு எடுக்கல. பெரியவருக்கு உள்ள மரியாத எல்லாம் செஞ்சிருக்கேன். இது அதுல சேராது. ஒன்னு மட்டும் கேக்குறேன் அண்ணி. எங்கண்ணன மண்ணுல வச்சுப் பதினஞ்சாம் நாளு நத்தாரு. அன்னைக்கு இந்த வீட்டுல எத்தன பல்பு எரிஞ்சிச்சு?"

வகுப்பில் யாரும் பதில் சொல்லாத நேரத்தில் கை தூக்குகிற பிள்ளை நான்.

"ஒரு மாலையில நூறு," என்றேன். "ரெண்டு மாலை. அப்ப எரநூறு."

அத்தை என்னைப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சேலைத் தலைப்பை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். பலகைக்கு அந்தப் பக்கம் கதவு சாத்தும் சத்தம் மெதுவாகத்தான் கேட்டது. அப்பா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று பயந்தேன். படிக்கட்டு ஓரத்திலிருந்து இரண்டு கல்லை எடுத்துவந்து வாளிக்குள் இறுக்கி வைத்தார். "சாயுது," என்றார், யார் முகத்தையும் பார்க்காமல்.

நத்தாருக்குப் பன்னிரண்டாம் நாள் வரும் மூவரசர் திருநாள் வரை அந்த மரம் நின்றது. நடுச்சாமப் பூசைக்கு அத்தை எங்களோடு வரவில்லை. முன்னால் தனியாக நடந்தார். ஜனவரியில் பள்ளிக்கூடம் திறந்ததும், என் கணக்குக்குப் பயந்து பெரிய அத்தை ஓடிப்போன கதையைச் சிநேகிதிகளிடம் சொன்னேன். சொல்லும்போது பல்புகளின் எண்ணிக்கையைக் கொஞ்சம் கூட்டியும் சொன்னேன்.

எங்கள் வீட்டு ஆல்பத்தில் ஒரு படம் உண்டு. எனக்கு இரண்டு வயது, சிவப்பு கவுன், பின்னால் பிளாஸ்டிக் மரம், எல்லாப் பல்பும் எரிகிறது. அந்த வருடம் அத்தை மகன் இத்தாலியிலிருந்து வந்திருந்தான், அதனால் கொண்டாட்டம் பெரிதாம். நூறு தடவையாவது அதைப் பார்த்திருப்பேன், என் கவுனைப் பார்ப்பதற்காக. என்னைத் தூக்கி வைத்திருக்கும் அம்மாவை நான் பார்த்தது எனக்கே ஒரு பிள்ளை பிறந்த பிறகுதான். முகம் வீங்கியிருக்கிறது. கமராவைப் பார்க்கவில்லை. மாமாவின் அடக்கத்துக்கு ஒரே ஒரு நாள் போக விட்டார்களாம். மறுநாள் திரும்பி வந்து விருந்தாளிகளுக்குப் பலகாரம் சுட்டாராம். தோட்டத்து ஆளின் சாவுக்கு டவுன் வீட்டில் துக்கம் கிடையாது. அதை யாரும் அம்மாவிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை. பல்பைப் போட்டார்கள், அவ்வளவுதான். ஏழு வருடம் அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இதெல்லாம் பின்னால் தெரிந்தது. அத்தை எழுந்து போன அந்த மாலையில் எனக்குத் தெரிந்தது வேறு. அம்மா குசினியில் அடுப்புக்கு முன் உட்கார்ந்திருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பெரியவங்க பேசுறப்ப நீ ஏன்டி நடுவுல பேசின?"

"நீங்கதானே எத்தனைன்னு கேட்டீங்க."

அம்மா என்னைப் பார்த்தார். தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு, குனிந்து, கண்ணெல்லாம் தண்ணீர் வர, நிறுத்த முடியாமல். அவ்வளவு பெரிய சிரிப்பை அம்மாவிடம் நான் கண்டதில்லை. நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று எனக்குப் புரிந்தது. அது பலகைக்கு அந்தப் பக்கமும் கேட்க வேண்டும் என்று, அம்மா சத்தம் இல்லாமல் குலுங்கியதற்கும் சேர்த்து, நான் உரக்கச் சிரித்தேன்.