துக்கமணியால் பாதியில் நின்ற படம்

நவம்பர் 14, வெள்ளிக்கிழமை. வழக்கம்போல் ஐந்து மணிக்கு எழுந்து, குழாயில் தண்ணீர் வருவதற்குள் குடங்களைக் கழுவி வைத்தேன். முந்தின நாள் சந்தையில் சாளை மீன் வாங்கி வைத்த கறியைச் சூடாக்கி, சோறு வடித்து, எனக்கும் கணவருக்கும் தனித்தனியாக எடுத்து வைத்தேன். பள்ளியில் குழந்தைகள் தினம் என்பதால் பாடம் பாதி, மிட்டாய் பாதி. மாலை வீடு திரும்பி, காய்ந்த துணிகளை மடித்த பிறகு, அன்று நான் மொழிபெயர்க்க வேண்டிய படத்தைக் கைப்பேசியில் இன்னொரு முறை பார்த்தேன்.

எங்கள் ஊருக்கு நேர் தெற்கே கடலில் எரிவாயு தோண்டப் போகிறார்கள் என்ற பேச்சு வந்த நாளிலிருந்து ஊர் இரண்டு பக்கமாகிவிட்டது. எதிர்ப்பதா, கம்பெனியைக் கூப்பிட்டுப் பேசிப் பார்ப்பதா என்று ஞாயிற்றுக்கிழமை திருப்பலிப் பூசைக்குப் பின் ஊர்க்கூட்டத்தில் முடிவெடுக்க இருந்தார்கள். அதற்கு முன் ஊரார் பார்க்கட்டும் என்று, எதிர்ப்பவர்கள் கோயிலின் சமூகக் கூடத்தில் ஒரு வெளிநாட்டுப் படம் போட ஏற்பாடு செய்தார்கள். எரிவாயுக் குழி வந்து பிரிந்துபோன ஒரு நொடிந்த ஊரின் கதை. தமிழில் இல்லை. நான் ஆங்கில ஆசிரியை. திரையில் பேசுவதையெல்லாம் மைக்கில் தமிழில் சொல்ல வேண்டியது நான்தான்.

ஏற்பாடு செய்தவர்களில் முன்னால் நின்றவர் என் கணவர். கம்பெனியோடு பேசலாம் என்பவர்களில் முன்னால் நின்றவர் என் அண்ணன். இருவருக்கும் சேர்த்து மீன்பிடிக்க ஒரே வள்ளம். போன கூட்டத்தில் நடந்த வாக்குவாதத்துக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொள்ளவில்லை, சேர்ந்து தொழிலுக்கும் போகவில்லை. வள்ளம் கரையில் கிடந்தது. கரை சேர்ந்ததும் கறிக்கு மீன் எடுத்துக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வருவது அண்ணனின் வழக்கம். இப்போது நான் சந்தையில் சாளை வாங்குகிறேன். வள்ளத்தை விற்றுவிடுவது என்றாகி, அதைப் பார்க்கக் குளச்சலிலிருந்து ஒரு தரகர் சனிக்கிழமை காலை வருவதாக இருந்தது. விற்றுவிட்டால் அண்ணன் என் வாசலுக்கு வர ஒரு காரணமும் இருக்காது.

பாதிக் கதையை மட்டும் என்னிடம் கேட்டிருந்த கணவர் தேநீர் குடிக்கும்போது சொன்னார்: "அந்தப் படத்துல கம்பெனிக்கு நெலம் விடுக மூத்தவன் நின்னு பேசுக இடம் உண்டுல்லா, அத நீட்டாண்டாம். சுருக்கிச் சொன்னா போரும்."

"அவன் பேசுகத முழுசா சொல்லுவேன். பிடிக்கல்லன்னா வேற ஆளப் பாருங்க."

"இனி வேற ஆளுக்கு எங்க போவ?" என்று எழுந்து போனார்.

இரவு கூடம் நிறைந்ததும் படம் தொடங்கியது. படத்தில் அண்ணன், தம்பி இருவர். பக்கத்துப் பக்கத்தில் மாட்டுப் பண்ணை, நடுவில் பொதுக் கிணறு. மூத்தவன் தன் நிலத்தைக் கம்பெனிக்கு விடுகிறான். இளையவன் வேலி போடுகிறான். திரையில் இரும்புக் கோபுரம் எழும்பியபோது பின்வரிசையில் ஒருவன் கேட்டான்: "ஏலே, இதுல கடலு எப்ப வரும்?"

"கடலு இல்லாத ஊருலே. அதாம் மாடு வளக்கான், பாவம்."

கூடம் சிரித்தது. பிறகு மூத்தவன் பேசும் இடம் வந்தது. எங்கள் கரைப் பேச்சிலேயே சொன்னேன். "இந்த மண்ணு இப்ப சோறு போடல்ல. எனக்க மவன் பட்டணத்துல எச்சிப் பாத்திரம் கழுவுகான். அவன் திரும்பி வரதுக்கு இஞ்ச ஒரு வேலை வேண்டாமா?" சொல்லி முடித்தபின்தான், என் அண்ணன் மகன் வளைகுடாவில் ஓட்டல் வேலையில் இருப்பது கூடத்தில் எல்லோருக்கும் தெரியுமே என்று உறைத்தது. யாரும் சிரிக்கவில்லை. மீன் விற்கும் அக்கா ஒருத்தர் மட்டும், "அவன் சொல்லுகதுலயும் ஞாயம் உண்டு" என்றார்.

வாசல் படியில் நின்றிருந்த என் அண்ணனைப் பார்த்து ஒருவர் குத்தலாகக் கேட்டார்: "மச்சான், உனக்க பேச்ச வெள்ளக்காரன் எப்பக் கேட்டுப் படிச்சான்?"

"நல்ல பேச்சு ஆருக்க வாயிலயும் வரும்லே" என்றார் அண்ணன்.

எல்லோரும் சிரித்தார்கள். என் கணவர் குனிந்து ஏதோ ஒயரைச் சரிசெய்தார். அவர் தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது.

படத்தில் ஊர் கூடி, கை தூக்கச் சொல்லும் இடம் வந்தபோது கோயிலில் துக்கமணி அடித்தது. நெடுநாளாகப் படுக்கையில் இருந்த ஒரு முதியவர் இறந்துவிட்டார். படத்தை நிறுத்தினார்கள். அடக்கம் முடியும்வரை எங்கள் கரையில் யாரும் தொழிலுக்குப் போவதில்லை; விற்பதும் வாங்குவதும் இல்லை. எல்லோரும் எழுந்து போனார்கள். முடிவு தெரிந்தவள் நான் மட்டும்.

வீட்டருகே அண்ணன் பின்னால் வந்தார். "ஏட்டி, அவனுவ கை தூக்கினானுவளா?"

கணவர் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார். திரும்பவில்லை, ஆனால் சாவியைச் சுற்றாமல் நின்றார்.

"தெருவுல நிண்ணு சொல்லமாட்டேன். உள்ள வாங்க" என்றேன்.

அண்ணன் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கணவர் கட்டிலின் விளிம்பில்.

"தூக்கினாவ. மூத்தவன் பக்கம் ஜெயிச்சுது. தம்பி மாட்டையெல்லாம் வித்துட்டு ஊர விட்டுப் போனான்."

"கண்டியா" என்றார் கணவர், சுவரைப் பார்த்து.

"அப்ப அந்தக் கெணறு?" என்று கேட்டார் அண்ணன்.

"அது அங்கதான் கெடக்கு. தண்ணி கோர ஆளில்ல. அதக் காட்டிப் படம் தீருது."

பிறகு கணவர், "கம்பெனி வந்தா உள்ள மீனும் போவும் மச்சான்" என்றார்.

"வராட்டாலும் மீனு இல்ல மச்சான்."

கூட்டத்தில் சொன்ன அதே சொற்கள்தான். அங்கே இருவரும் ஊரைப் பார்த்துச் சொன்னார்கள். இங்கே பார்க்க வேறு யாரும் இல்லை.

"நாளைக்கு அந்தத் தரகன் வாறானே" என்றார் அண்ணன்.

"மரிப்பு கெடக்கும்போ கரையில வெல பேசப்பிடாது" என்றார் கணவர்.

"அப்ப விளிச்சுச் சொல்லு."

"நீதான அவனக் கூப்பிட்ட? நீ சொல்லு."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். இறந்தவர் வீட்டுக்கு இருவரும் கிளம்பினார்கள். அண்ணன் முன்னால் போனார், கணவர் கொஞ்சம் தள்ளிப் பின்னால். ஞாயிற்றுக்கிழமை இவர் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாகத்தான் கை தூக்குவார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

மறுநாள் காலை எழுந்ததும், குடங்களைக்கூடத் தொடாமல், முதலில் தரகருக்குப் போன் செய்தேன். ஊரில் மரிப்பு, இன்றைக்கு வர வேண்டாம் என்றேன்.

"அப்பம் திங்கக்கிழம வரட்டா டீச்சர்?"

"வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.